வணக்கத்துக்குரிய மத்தேயு டால்பட்: குடியை விட்டபின் 40 ஆண்டுகள் விழித்திருந்த கூலியாள்



யூபிலி மலர் என்றால் கோயில் கட்டிய குருக்கள், கோபுர மணிக்குப் பொருள் கொடுத்த உபகாரிகள், ஊரை நடத்திய பெரியோர் ஆகியோரின் சரித்திரம் வருவது வழக்கம். நாம் இந்தப் பக்கங்களில் எழுத எடுத்துக்கொண்டதோ ஒரு சித்தாளின் சரித்திரம். அவர் நம் நாட்டைக் கண்டவர் அல்லர். சபை எதையும் தாபித்தவர் அல்லர். புத்தகம் ஒன்றும் எழுதினவர் அல்லர். ஆயினும் இந்த மரக்காணம் உப்பளக் கரையில் இருந்துகொண்டு அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் யூபிலி கொண்டாட நமக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம் எல்லாரும் அறிந்ததே. 2023-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி சனிக்கிழமை எக்கியார்குப்பத்தில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் வாந்தி எடுத்தார்கள், கண் இருண்டது என்றார்கள். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கும் புதுச்சேரிக்கும் வண்டி வண்டியாக அவர்களைக் கொண்டு போனார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சிலர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரை இதே விஷம் வாரிக்கொண்டு போயிற்று. மெத்தனால் என்ற ஆலைத் திரவம் அது. குடித்த உடனே அது கொல்வதில்லை. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கப் பல மணி நேரம் ஆகிறது. படுத்தால் தெளிந்துவிடும் என்று பாயில் கிடப்பவனுக்கு அந்த மணி நேரங்களே எமன் ஆகின்றன. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிர் கொடுக்கும்.

அந்த வாரத்தில் நம் கடற்கரையில் குடியை விடுவதாகச் சத்தியம் செய்யாத ஆண்பிள்ளை அரிது. தலையில் அடித்து, பிள்ளை தலையில் கைவைத்து, மாதா சுரூபத்தின் முன் மண்டியிட்டுச் சத்தியம் செய்தார்கள். சிலர் சிகிச்சைக்கும் போனார்கள். ஒரு மாதம் கழித்து முகம் தெளிந்து, சட்டை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் மறு வருஷம் வரை தாங்கினார்கள் என்று நாம் இங்கே எழுத விரும்பவில்லை. அவரவர் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஒன்று மட்டும் சொல்வோம்: அன்று சத்தியம் செய்தவர்கள் பொய்யர்கள் அல்லர். விடுவது ஒரு காரியம், விட்டபின் நிற்பது வேறொரு காரியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த இரண்டாவது காரியத்தில் தேர்ந்தவர் மத்தேயு டால்பட்.

அயர்லாந்து தேசத்தின் தலைநகரம் டப்ளின். நம் மரியாயின் சேனை 1921-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிறந்த ஊர் என்றால் நம்மவருக்குச் சட்டென்று விளங்கும். சேனை பிறந்த அன்று நம் மத்தேயு அதே ஊரில் 65 வயதுக் கிழவராக மரவாடியில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்.

1856-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் சார்லஸ், தாயார் எலிசபெத். 12 பிள்ளைகளில் இரண்டாமவர். தகப்பனார் குடிப்பார். மூத்த மகன் ஒருவரைத் தவிர ஆண்பிள்ளைகளும் வளர்ந்ததும் குடித்தார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து வந்த பெரும் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஏழைகள் ஒரு அறையில் ஒரு குடும்பமாக நெருங்கிக் கிடந்தார்கள்.

அதே 1856-ம் ஆண்டு டிசம்பரில் அயர்லாந்து மக்கள் மற்றொருவரை அடக்கம் செய்தார்கள். கப்புச்சின் சபைக் குருவானவர் தியோபால்டு மத்தேயு. 1838-ல் கார்க் நகரில் மதுவிலக்கு இயக்கத்தை ஆரம்பித்தவர் அவர். ஊர் ஊராகப் போனார். லட்சக்கணக்கானோர் அவர் முன்னிலையில் மண்டியிட்டு இனிக் குடிப்பதில்லை என்று வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சாராய ஆலைகளில் வியாபாரம் விழுந்தது. பிறகு பஞ்சம் வந்தது, சுவாமியாருக்கும் நோய் வந்தது. இயக்கம் தளர்ந்து, பெரும் பகுதியினர் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். கூட்டத்தோடு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களை மறுநாள் தனியே இருக்கும்போது தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடு இல்லாமற்போனதே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்வது அந்தப் புண்ணியவானைக் குறை கூறுவதற்கல்ல.

நம் மத்தேயு பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை. 12-ம் வயதில் 1868-ல் ஒரு மது வியாபாரியின் கிடங்கில் வேலைக்குப் போனான். சீசாவில் மது நிரப்புகிற இடம். அடிவண்டலைச் சிறுவர்கள் குடித்துப் பார்ப்பது அங்கே சகஜம். 13 வயது முடிவதற்குள் பையன் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தகப்பனார் அடித்துப் பார்த்தார். தம்மோடு துறைமுகக் கழகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே அவனுக்குக் கிடைத்த இடம் விஸ்கிக் கிடங்கு! எண்ணெயை எடுத்து நெருப்பில் வைத்தது போலாயிற்று. அதன்பின் கட்டடக் காண்டிராக்டர் ஒருவரிடம் செங்கல்லும் சாந்தும் சுமக்கும் சித்தாள் ஆனார். வேலையில் சூரர். மற்றவர்களுக்கு வேகம் காட்டவென்று வரிசையில் முதல் ஆளாக இவரை நிறுத்துவார்களாம். குடிகாரன் என்றால் சோம்பேறி என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நம் உப்பளங்களில் வெயில் ஏறுமுன் நாலு ஆள் வேலையை ஒரே ஆளாக வாரிப் போட்டுவிட்டு, அந்தி சாய்ந்ததும் கடைக்குப் போகிறவனை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

கூலி முழுவதும் மதுக்கடைக்கே போயிற்று. பணம் தீர்ந்தபின் கடன், கடன் கிடைக்காதபோது துணியும் பூட்ஸும் அடகு. ஒரு முறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஒரு ஏழையின் பிடிலையே திருடி விற்றுக் குடித்தார்கள். இந்தப் பிடிலைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. 16 ஆண்டுகள் இப்படிப் போயின. ஞாயிறு பூசைக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை என்கிறார்கள். ஆனால் மனம் அங்கே இருந்ததில்லை.

1884-ம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. மத்தேயுவுக்கு வயது 28. அந்த வாரம் வேலைக்குப் போகவில்லை, கையில் செப்புக் காசு இல்லை. கூலி வாங்கிக்கொண்டு வரும் கூட்டாளிகள் நமக்கும் வாங்கித் தருவார்கள் என்று மதுக்கடை மூலையில் நின்றார். பணம் இருந்த நாளில் இவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கூட்டாளிகள் வந்தார்கள். தலையசைத்தார்கள், கடைக்குள் போனார்கள். ஒருவரும் வா என்று கூப்பிடவில்லை. அந்த அவமானம் அவர் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. நேரே வீட்டுக்கு நடந்தார். பொழுதோடு மகன் தெளிவாக வீட்டுக்கு வந்ததைக் கண்டு தாயார் ஆச்சரியப்பட்டார். குடியை விட வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்றார் மகன். தாயாரின் பதில் நம் தாய்மார்கள் கவனிக்கத் தக்கது. கடவுள் பேரால் போ, ஆனால் காப்பாற்ற எண்ணமில்லை என்றால் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

கிளான்லிஃப் என்ற இடத்தில் இருந்த திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து வார்த்தைப்பாடு கொடுத்தார். எத்தனை காலத்துக்கு? ஆயுள் முழுதுக்கும் அல்ல. மூன்று மாதத்துக்கு! அந்த மூன்று மாதம் கழிந்ததும் மறுபடி குடிப்பேன் என்று அந்நாட்களில் தாயாரிடம் சொன்னதாகவும் கூறுவார்கள். மூன்று மாதம் தாண்டியபின் ஆறு மாதத்துக்குக் கொடுத்தார். அது தாண்டியபின்னரே ஆயுளுக்குக் கொடுத்தார். நம்மவர்கள் முதல் நாளே சாகும்வரை தொடமாட்டேன் என்று கற்பூரம் அணைக்கிறார்கள். மலையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைப்பவன் எப்படி நடப்பான்? மத்தேயு இறந்து பத்தாண்டுக்குப் பின் 1935-ல் அமெரிக்காவில் தோன்றி, நம் நாட்டில் 1957 முதல் நடந்துவரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவினரும் இன்றைய ஒரு நாள் மட்டும் என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவர் மத்தேயுவைப் பார்த்துத் தாமும் வீட்டில் இருந்துகொண்டே ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பிதற்றுதல் ஆகியவை வந்து உயிருக்கே மோசமாகலாம். முதல் வாரம் வைத்தியர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதன் பிறகு வரும் காலத்துக்குத்தான் மத்தேயு நமக்கு வாத்தியார்.

அந்தக் காலத்தை அவர் எப்படிக் கழித்தார்? முதலில், வழியை மாற்றினார். வேலை முடிந்ததும் கூட்டாளிகள் போகும் தெருவில் போகவில்லை. அறையில் தனியே உட்காரவும் இல்லை. ஏதாவது ஒரு கோயிலைத் தேடி நடப்பார், படுக்கும் நேரம் வரை அங்கேயே இருப்பார். கால்களுக்கு வேறு வேலை கொடுத்தார் என்று சொல்லலாம். ஆனால் ஒரு மாலை, நடந்துகொண்டிருந்தவரை ஆசை அமுக்கிவிட்டது. கால்கள் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்துவிட்டன, சட்டைப் பையில் காசு இருந்தது. கடைக்காரன் வேறு யாரோடோ பேசிக்கொண்டு இவரைக் கவனிக்கவில்லை. சற்று நேரம் நின்றார், வெளியே வந்துவிட்டார், பக்கத்தில் இருந்த சேசு சபையார் கோயிலுக்குள் போய்க் கதவடைக்கும்வரை இருந்தார். அன்று தேவ பராமரிப்பு கடைக்காரனின் வாயாடித்தனத்தில் வந்தது என்றால் சிரிப்பாக இருக்கும், ஆனாலும் அதுவே உண்மை. அன்றிலிருந்து அவர் பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று தீர்மானித்தார். தம் மனத்தின் பலத்தை நம்பவில்லை, தம் பலவீனத்தை அறிந்து பையைக் காலியாக்கினார். நம் பகுதியில் 2003 முதல் அரசே நடத்தும் கடைகளும், எல்லை தாண்டினால் புதுச்சேரிக் கடைகளும் இருக்க, எந்தத் தெருவை விட்டு எந்தத் தெருவில் நடப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சம்பள நாளன்று காசை மனைவி கையில் சேர்க்கும்வரை ஒருவர் கூட வருவதற்கு அரசு உத்தரவு தேவையில்லை.

கெட்ட வார்த்தை பேசும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அதற்காகத் தம் சட்டைக் கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவை போல் குத்திக்கொண்டார். வார்த்தை நாக்கில் வரும்போது கண்ணில் ஊசி படும், நினைவு வரும். சின்ன ஏற்பாடு, ஆனால் யோசித்துப் பாருங்கள். பழக்கம் என்பது நாம் நினைக்குமுன் நடந்துவிடுவது. கை கிளாசைத் தூக்கியபின்தான் பலருக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று நினைவு வருகிறது. நினைவை ஒரு நொடி முந்திவரச் செய்ய அந்த ஊசிகள் உதவின. சேசு சபையைத் தாபித்த அர்ச். இன்னாசியார் தம் ஆத்தும சோதனையில் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, அதில் விழுந்த ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கைவைக்கவும், மாலையில் அவற்றை எண்ணிக் குறிக்கவும் கற்பித்தது இதே நோக்கத்தோடுதான். சேசுநாதர் ஒலிவத் தோட்டத்தில் சீஷர்களிடம் கேட்டதும் ஒரு மணி நேரம் விழித்திருப்பதைத்தானே!

இன்று மருத்துவ உலகமும் இந்த விழித்திருத்தலைப் பற்றிப் பேசுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்ற பேராசிரியர் இருந்தார். 2011-ல் காலமானார். சிகிச்சை முடித்து வீடு போனவர்கள் ஏன் மறுபடி விழுகிறார்கள் என்பதையே வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர். அவரும் அவர் தோழர்களும் 8 வாரப் பயிற்சி ஒன்றை அமைத்தார்கள். ஆசை வரும்போது அதோடு சண்டை போடாதே, அதற்குக் கீழ்ப்படியவும் செய்யாதே, உட்கார்ந்து அதைப் பார் என்பதே அதன் சாரம். தொண்டை வறள்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கை பரபரக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனித்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பிடித்துக்கொண்டிருந்தால், ஆசை அலைபோல் எழும்பி, உச்சிக்குப் போய், தானே விழுந்துவிடும் என்றார். அலைமேல் சவாரி செய்வது என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

கடலில் இறங்கும் நம் மக்களுக்கு இதை அமெரிக்கா சொல்லித்தர வேண்டியதில்லை. படகு தள்ளுகிறவன் அலையோடு மல்லுக்கு நிற்பானா? அலைக்குப் பக்கவாட்டில் படகைக் காட்டினால் கவிழ்ந்துபோவான். அணியத்தை அலைக்கு நேரே வைத்துக்கொண்டு, அது அடியில் போகும்வரை பிடித்துக்கொண்டிருப்பான். அடுத்த அலையும் வரும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு அலைக்குள் இருக்கும்போது அது முடியவே முடியாதது போலத் தோன்றுவதுதான் ஆபத்து. குடித்தால் ஒழிய இந்தத் தவிப்பு தீராது என்று நினைத்து எழுந்து போகிறவன், இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் அது தணிவதைப் பார்த்திருப்பான். ஒரு தடவை பார்த்தவனுக்கு அடுத்த தடவை தைரியம் வரும்.

286 பேரை வைத்து இந்தப் பயிற்சியைச் சோதித்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இப்பயிற்சி பெற்றவர்களிடம் போதை மருந்து உபயோகித்த நாட்களும் மட்டுமீறிக் குடித்ததும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. எல்லா ஆராய்ச்சிகளும் இவ்வளவு நல்ல பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இது வைத்தியத்துக்குத் துணையே அன்றி வைத்தியத்துக்குப் பதில் அல்ல. பம்பாய் பாந்திராவில் ஜோ பெரைரா சுவாமியார் 1981-ல் தொடங்கிய கிருபா நிறுவனம் யோகாசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் குடிநோயர் மீட்பில் சேர்த்துக்கொண்டது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் ஏற்படுத்திய டி.டி. ரங்கநாதன் நிலையம் மனைவி மக்களையும் சிகிச்சையில் சேர்த்தது.

மத்தேயுவுக்கும் அலைகள் வந்தன. அவை சாராய ஆசையாக மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திவ்விய நற்கருணை வாங்கப் பீடத்தை நோக்கிப் போகையில், நீ மறுபடி விழத்தான் போகிறாய், இதெல்லாம் வேஷம் என்று உள்ளே ஒரு குரல் அவரை வதைத்தது. வாங்காமல் வெளியே போய்விட்டார். வேறு கோயிலுக்குப் போனார், அங்கேயும் அப்படியே. பல தெரு சுற்றிக் கடைசியில் முதல் கோயிலுக்கே வந்து, படிக்கட்டில் முகங்குப்புற விழுந்து மன்றாடினார். பிறகு எழுந்து உள்ளே போய் நற்கருணை வாங்கினார் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுகிறார்கள். திருந்தியவனை ஊரார் ஏளனம் செய்வதைவிட அவன் மனமே அவனை அதிகம் ஏளனம் செய்கிறது. சிகிச்சை முடித்து வந்தவரிடம், எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் குரலுக்கு நாமும் வாய் கொடுக்கிறோம்.

காலி செய்த நேரத்தை அவர் காலியாக விட்டுவைக்கவில்லை. அதிகாலை 5 மணிக்கே எழுந்து, வேலைக்கு முன் பூசை காண்பார். சரியாகப் படிக்கத் தெரியாதவர், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். வேதாகமத்தையும் அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரங்களையும் அர்ச். அகுஸ்தினாரின் நூலையும் படித்தார். விளங்காத இடத்தைக் குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கிளான்லிஃப் குருமடத்துப் பேராசிரியர் மைக்கேல் ஹிக்கி அவருக்கு நெடுங்காலம் ஞானத் தந்தையாக இருந்தார். தம் நிலையை ஒளிக்காமல் சொல்ல ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! 1890-ல் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். புகையிலையையும் விட்டார், அது சாராயத்தைவிடக் கஷ்டமாக இருந்ததாம்.

கடன் வைத்த கடைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காசைத் தீர்த்தார். பிடில்காரரையும் தேடினார். டப்ளின் தெருக்களிலும் ஏழைகள் விடுதிகளிலும் விசாரித்துப் பார்த்தார். அந்த மனிதர் அகப்படவே இல்லை. கடைசியில் பிடிலின் கிரயத்தைக் கோயிலில் கொடுத்து அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். குடியை விட்டவருக்குத் தெளிவு வந்ததும் முதலில் கண்ணில் படுவது தாம் செய்துவைத்த சேதம்தான். அந்த வெட்கம் தாங்காமல் மறுபடி குடித்தவர்கள் நம் கரையிலும் உண்டு. மத்தேயு வெட்கத்தை வேலையாக மாற்றிக்கொண்டார்: இன்றைக்கு இந்தக் கடை, நாளைக்கு அந்தக் கடை.

பிற்காலத்தில் மார்ட்டின் கம்பெனி மரவாடியில் வேலை செய்தார். கடினமான வேலையைத் தாமாகவே எடுத்துக்கொள்வார். இடைவேளையில் பலகை அடுக்குகளுக்கு இடையே ஒரு மூலையில் முழங்காலில் இருப்பார். ஆனால் அவர் சாது மட்டும் அல்லர். 1911-ல் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். 1913-ல் டப்ளின் முதலாளிகள் கதவடைத்துத் தொழிலாளரைப் பட்டினி போட்டபோது தோழர்களோடு இவரும் வெளியேறினார். வேலை செய்யாமல் சங்கம் கொடுக்கும் பணம் வேண்டாம் என்றார். பிறகு வாங்கி மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார். இவர் வேலைநிறுத்தத்தை முறித்தவர் என்று இறந்தபின் ஒரு வதந்தி கிளம்பியது, அது பொய் என்று விசாரணையில் தெரிந்தது.

குடிப்பவர்களிடம் அவர் கடுமை காட்டியதில்லை. குடியை விடுவது செத்தவனை எழுப்புவதற்குச் சமம், கடவுளால் மட்டுமே ஆவது, ஆகையால் அவர்களை ஏசாதீர்கள் என்ற கருத்தில் தம் சகோதரியிடம் பேசியிருக்கிறார். தாம் விடுபட்டோம் என்ற கர்வம் 40 ஆண்டில் ஒரு நாளும் அவரிடம் காணப்படவில்லை.

1915-ல் தாயார் இறந்தபின் ஒரு சிறு அறையில் தனியே வாழ்ந்தார். பலகையில் படுத்து, கட்டையைத் தலையணையாக வைத்துக்கொண்டார். மிகக் குறைவாகச் சாப்பிட்டார். மிச்சப்பட்ட கூலி ஏழைகளுக்கும் சீன தேச வேதபோதகத்துக்கும் போயிற்று. இந்தக் கடுந்தவத்தை நம் வாசகர்கள் பின்பற்ற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து வந்தவருக்குப் பசியும் களைப்பும் தனிமையும் கோபமும் பகைவர்கள். வேளைக்குச் சோறும் நல்ல தூக்கமும் அவருக்கு மருந்து. மத்தேயுவின் தவம் அவருக்கும் அவர் ஞானத் தந்தைக்கும் இடையே இருந்த காரியம்.

மத்தேயு ஒரு தடவைகூட மறுபடி விழவில்லை. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பெரும்பாலோர் ஒரு முறையாவது வழுக்குகிறார்கள். ஒரு கிளாஸ் குடித்துவிட்டவன், எல்லாம் போயிற்று, இனி என்ன என்று பீப்பாய் முழுவதையும் குடிப்பதுதான் பெரிய நாசம் என்று மேலே சொன்ன மார்லட் கண்டார். ஓட்டை ஒன்று விழுந்தது என்று யாரும் வலையைக் கடலில் எறிவதில்லை. கரைக்கு வந்து உட்கார்ந்து கண்ணி போடுகிறோம். விழுந்த அன்றே வைத்தியரிடமோ, குருவானவரிடமோ, குழுத் தோழரிடமோ போய்ச் சொல்பவனுக்கு அந்த நாள் ஒரு ஓட்டை மட்டுமே.

1923 முதல் மத்தேயுவுக்கு இருதய நோய். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார், தேறியும் தேறாமலும் மறுபடி வேலைக்குப் போனார். 1925-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி, தமத்திரித்துவ ஞாயிறு. சாமிநாதர் சபையார் கோயிலுக்குப் பூசைக்குப் போகும் வழியில், கிரான்பி என்ற சந்தில் சுருண்டு விழுந்து உயிர் விட்டார். அங்கே கூடியவர்களில் அவர் யாரென்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஜெர்விஸ் தெரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடையைக் களைந்தபோது இடுப்பிலும் கையிலும் காலிலும் தவச் சங்கிலிகளும் கயிறுகளும் இருக்கக் கண்டார்கள். அதன் பிறகே டப்ளின் நகரம், தன் தெருக்களில் தலை குனிந்து வேகமாக நடந்துபோன அந்தக் கூலியாளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தது. ஜூன் 11-ந் தேதி கிளாஸ்னெவின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

1931-ல் டப்ளின் மேற்றிராணியார் முதல் விசாரணையைத் தொடங்கினார். அவரோடு மூட்டை சுமந்தவர்களும் சகோதரிகளும் சாட்சி சொன்னார்கள். 1972-ல் அவர் சரீரம் ஷான் மக்டெர்மட் தெருவில் உள்ள லூர்து மாதா கோயிலுக்கு மாற்றப்பட்டது. 1975-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி பரிசுத்த தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். லிஃபி ஆற்றின் மேல் 1978-ல் திறந்த பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 2025 ஜூன் மாதத்தோடு அவர் இறந்து நூறு ஆண்டுகள் நிறைந்தன. முத்திப்பேறு பட்டத்துக்கு ஒரு புதுமை நிரூபணமாக வேண்டும். குடிநோயரின் தாய்மாரும் மனைவிமாரும் பல தேசங்களிலிருந்து அந்தக் கல்லறைக்குத் தங்கள் மன்றாட்டுக்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.